ஃபாண்டைக் கூட்டுவதற்கு முன்னால்: லினக்ஸில் தமிழ் எங்கே உடைகிறது

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் கல்யாணப் பத்திரிகை, சாந்தி அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் டைப் செய்து கொடுக்கும் கடை. பழைய கணினிகளை மாற்றி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டிருக்கிறீர்கள். பிரவுசரில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஆவணம் அடிக்கும் லிப்ரேஆபீஸில் பத்திரிகையின் மற்ற வரிகள் சரி, ஆனால் ௵, ௴, ௳ (வருடம், மாதம், நாள்) குறிகள் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். பக்கம் வடிவமைக்கும் ஸ்க்ரைபஸில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. பழைய பத்திரிகை ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் பூச்சி பூச்சியாக ஓடுகின்றன. யாரோ சொன்னபடி எக்ஸ்செட் கட்டளையால் ஃபாண்ட் பாதை சேர்க்கப் பார்த்தீர்கள், 'பேட் ஃபாண்ட் பாத்' என்று பிழை வந்தது. நடுவில் இணையத்தில் கிடைத்த முந்நூறு சொச்சம் தமிழ் ஃபாண்டுகளையும் இறக்கிப் போட்டாயிற்று. கடைசியில் கேட்டது: இன்னும் எந்த ஃபாண்ட் போட வேண்டும்?

ஒரே கணினியில் ஒரே தமிழ், செயலிக்குச் செயலி ஏன் வேறு வேறு விதமாக உடைகிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதில் தொடர்பே இல்லாத நான்கு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் ஃபாண்ட் மருந்து. அந்த ஃபாண்டும் அநேகமாக உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் டிடிபி கடைகள், பள்ளிக்கூட லேப்கள், புதுவயல் அரிசி மில்களின் பில் போடும் கணினிகள் என்று லினக்ஸ் பார்த்துக் கொடுப்பதுதான் பல வருஷமாக என் வேலை. இந்த ஊர்களில் தமிழ் தெரியவில்லை என்று வரும் அழைப்பு எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றே: எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்கும் வரை எதையும் புதிதாக நிறுவக் கூடாது. கட்டளைகளின் பெயரை இங்கே உச்சரிப்பாக எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் கண்ணாலேயே பாதியைப் பிரித்துவிடலாம். கட்டம் தெரிந்தால், அந்த எழுத்தின் வடிவம் பயன்பாட்டில் இருக்கும் ஃபாண்டில் இல்லை. ஃபயர்பாக்ஸும், ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் பலவும் அந்தக் கட்டத்துக்குள் சின்னதாக எண்ணும் எழுத்தும் போட்டுக் காட்டும். அது அந்த எழுத்தின் யூனிகோட் எண், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக வகுத்த வரிசையில் அதன் எண். '0பிஎஃப்5' என்று இருந்தால் அது வருடக் குறி, '0பிஎஃப்4' மாதம், '0பிஎஃப்3' நாள். அதே கட்டத்துக்குள் எண் இ அல்லது எஃப் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் விஷயம் வேறு: அது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியாக இருக்கலாம். டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்ற முறையில் அடித்த ஃபைலோ, பழைய சிம்பல் வகை ஃபாண்டில் அடித்த ஃபைலோ அப்படித்தான் வரும். புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்து, அதோடு ஒரு கொம்போ காலோ ஒட்டிக்கொண்டிருந்தால், வடிவம் இருக்கிறது, ஆனால் எழுத்துகள் ஃபைலில் தப்பான வரிசையில் கிடக்கின்றன. கொம்பு பின்னால் நின்றால் செயலிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. 'கு', 'கூ', 'டி' எல்லாம் சேராமல் தனித்தனியாக நின்றால், அந்த ஃபாண்டுக்குள் கோக்கும் விதிகளே இல்லை. ஆங்கில எழுத்து வந்தால் அது யூனிகோடே கிடையாது.

திரையில் ஒரு தமிழ்ச் சொல் வருவதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி சுலபம். செயலி கையில் இருப்பது வெறும் யூனிகோட் எண்களின் வரிசை. அதற்கு எந்த ஃபாண்ட் ஃபைலை எடுப்பது என்று ஃபாண்ட்கான்ஃபிக் என்ற நூலகம் சொல்கிறது. எடுத்த ஃபாண்டுக்குள் இருக்கும் விதிகளைப் படித்துக் கொம்பை முன்னே தள்ளுவது, உகரத்தைச் சேர்ப்பது எல்லாம் ஹார்ஃப்பஸ். சேர்ந்த வடிவத்தைப் புள்ளிகளாக வரைவது ஃப்ரீடைப். வரைந்து முடித்த படத்தைத்தான் திரைப் பக்கம் அனுப்புகிறார்கள். திரையில் சாளரங்களைக் காட்டுவது பழைய எக்ஸ் சர்வரானாலும் சரி, புதிய வேலேண்டானாலும் சரி, அதற்கு வந்து சேரும்போது தமிழ் வெறும் படம். இங்கேதான் உங்கள் எக்ஸ்செட் முயற்சி எதற்கும் பயன்படாமல் போனதன் காரணம் இருக்கிறது.

எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் தொடங்கியது. இன்றும் புழங்கும் எக்ஸ்11 நெறிமுறை 1987-இல் வந்தது. அந்தக் காலத்து ஏற்பாட்டில் ஃபாண்ட் சர்வர் பக்கம் இருக்கும், செயலி ஒரு நீண்ட பெயரைச் சொல்லிக் கேட்கும், சர்வரே வரைந்து கொடுக்கும். எக்ஸ்செட் கட்டளை சேர்ப்பது அந்தப் பழைய பாதையில். அந்த அடைவுக்குள் ஃபாண்ட்ஸ் டாட் டிர் என்ற பட்டியல் ஃபைல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த அதே பிழைதான் வரும். எம்கேஃபாண்ட்ஸ்கேல், எம்கேஃபாண்ட்டிர் இரண்டையும் ஓட்டி அந்தப் பட்டியலை உண்டாக்கலாம், பிழையும் போய்விடும். ஆனால் அதனால் உங்கள் தமிழில் ஒரு புள்ளி கூட மாறாது. அந்தப் பாதையை நம்புவது எக்ஸ்டெர்ம் போன்ற சில பழைய செயலிகளும் மோட்டிஃப் காலத்து மென்பொருள்களும்தான். அந்த வழியில் தமிழைக் கோக்கும் ஏற்பாடே கிடையாது. லிப்ரேஆபீஸ், ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், ஃபயர்பாக்ஸ் எதுவும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இன்னொன்று: இப்போதைய உபுண்டு பெரும்பாலும் வேலேண்டில்தான் திறக்கும். அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தில் பார்த்தால் தெரியும். அப்படியானால் எக்ஸ்செட் பேசுவது எக்ஸ்வேலேண்ட் என்ற இடைத்தரகரிடம் மட்டுமே. பழைய கட்டுரைகளில் பார்த்து இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஏற்பாட்டின் காலம் முடிந்துவிட்டது. சேர்த்த பாதையை விட்டுவிடுங்கள், வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் அதுவே போய்விடும்.

இனி ஃபாண்ட்கான்ஃபிக். எக்ஸ் வட்டாரத்தில் நெடுநாள் உழைத்த கீத் பேக்கார்ட் தொடங்கிய வேலை இது. இதன் குணத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: இது 'இல்லை' என்று சொல்லவே சொல்லாது. டெர்மினலில் எஃப்சி-மேட்ச் என்று தட்டி, பக்கத்தில் லதா என்று ஃபாண்ட் பெயரைக் கொடுங்கள். லதா விண்டோஸோடு வரும் ஃபாண்ட், உங்கள் உபுண்டுவில் இருக்காது. இருந்தும் பிழை வராது. தனக்குத் தெரிந்ததில் கிட்டத்தில் இருப்பது எதுவோ அதன் பெயரைச் சொல்லும். செயலியும் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் மெனுவில் 'லதா' என்று எழுதியிருப்பதற்கும் திரையில் உண்மையில் வரையப்படுவதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லிப்ரேஆபீஸில் ஃபாண்ட் பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால் அந்த ஃபாண்ட் இந்தக் கணினியில் கிடையாது என்று அர்த்தம். இந்தச் சின்ன அடையாளத்தைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

உங்கள் ௵ விஷயத்துக்கு வருவோம். எஃப்சி-லிஸ்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, முக்காற்புள்ளி, லாங், சமக்குறி, டிஏ என்று கொடுத்தால் தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் ஃபாண்டுகள் வரிசையாக வரும். ஆனால் 'தமிழ் தெரியும்' என்று ஃபாண்ட்கான்ஃபிக் முடிவு செய்வது அடிப்படை எழுத்துகளை வைத்து. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்ற எட்டுக் குறிகளும் யூனிகோடில் சேர்ந்தது 2003-இல், 4.0 பதிப்பில். 'ஶ' 2005-இல்தான் வந்தது, 'ௐ' 2008-இல். இந்த வருஷங்களுக்கு முன்னால் செய்து, பிறகு யாரும் தொடாத ஃபாண்டுகளில் இவை இருக்காது. ஆகவே மொழியைக் கேட்காதீர்கள், எழுத்தையே கேளுங்கள்: லாங் என்ற இடத்தில் சார்செட் என்று போட்டு, டிஏ என்ற இடத்தில் பிஎஃப்5 என்று கொடுங்கள். வருடக் குறி உள்ள ஃபாண்டுகள் மட்டும் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் தொகுப்பை நிறுவுங்கள். நீங்கள் புதிதாக நிறுவ வேண்டியது என்று நான் சொல்வது இது ஒன்றுதான்.

சரி, நோட்டோ இருந்தும் லிப்ரேஆபீஸில் கட்டம் வருகிறதே என்றால்? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: லிப்ரேஆபீஸ் ஒவ்வொரு எழுத்து நடைக்கும் மூன்று ஃபாண்ட் வைத்துக்கொள்கிறது. மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீன ஜப்பானிய வகைக்கு ஒன்று, சிடிஎல் என்ற சிக்கலான எழுத்து வகைக்கு ஒன்று. தமிழ் மூன்றாவதில் சேரும். காலிப் பக்கத்தில் மேலே உள்ள பட்டியலில் நோட்டோ செரிஃப் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு அடிக்கத் தொடங்கினால், அந்தத் தேர்வு ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்து, தமிழ் தன் பழைய ஃபாண்டிலேயே வரலாம். அளவும் அப்படியே தனி. 'நான் 16 வைத்தேன், 12-இல் வருகிறது' என்று கடைகளில் கேட்கும் குறைக்கு அநேகமாக இதுதான் காரணம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் சிடிஎல் என்பதை இயக்கி, மொழியைத் தமிழ் ஆக்குங்கள். அப்புறம் எழுத்து வடிவ உரையாடலில் சிடிஎல்லுக்கான இடத்தில் ஃபாண்டையும் அளவையும் வையுங்கள். அடிக்கடி செய்யும் பத்திரிகைகளுக்கு இதையே வார்ப்புருவாகச் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் போராட வேண்டாம்.

ஊகம் இது: உங்கள் முந்நூறு ஃபாண்டுகளில் ஏதோ ஒன்று சிடிஎல் ஃபாண்டாக உட்கார்ந்திருக்கிறது, அதில் ௵ இருப்பதாகப் பட்டியலில் எழுதிவிட்டு வடிவத்துக்குப் பதில் கட்டத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். அவசரமாகச் செய்த இலவச ஃபாண்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஃபாண்ட் 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் செயலி வேறு ஃபாண்டைத் தேடிப் போகாது. இதைச் சோதிப்பது சுலபம். புதிய ஆவணத்தில் ௵ மட்டும் ஒட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, சிடிஎல் ஃபாண்டாக நோட்டோ செரிஃப் தமிழ் கொடுங்கள். குறி தெரிந்துவிட்டால் என் ஊகம் சரி. தெரியாவிட்டால் அடுத்த சந்தேகம், உங்கள் லிப்ரேஆபீஸ் ஸ்னாப் அல்லது ஃப்ளாட்பேக்காக, அதாவது மற்றவற்றிலிருந்து தனியே பூட்டி வைத்த தொகுப்பாக, நிறுவப்பட்டது, அது தன் அறைக்குள்ளிருந்து உங்கள் ஃபாண்ட் அடைவைப் பார்க்க முடியாமல் இருக்கிறது என்பது. பிரவுசரில் நன்றாகத் தெரிவதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல தமிழ்த் தளங்கள் தங்கள் ஃபாண்டைத் தாங்களே கையோடு அனுப்புகின்றன. அந்தப் பக்கம் நன்றாகத் தெரிவது உங்கள் கணினியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஸ்க்ரைபஸ் கொம்புக்கு அநேகமாக ஒரே பதில்தான். உதவி மெனுவில் பதிப்பைப் பாருங்கள். 1.4 வரிசை என்றால் அதற்குத் தமிழ் கோக்கத் தெரியாது, எந்த ஃபாண்ட் போட்டாலும் தெரியாது. 2017-இல் வந்த 1.5.3-இல்தான் ஹார்ஃப்பஸ் வழியாக நம் எழுத்துகளுக்கு வழி பிறந்தது. அந்த வேலை 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பில் சேர்ந்துவிட்டது. புதிய பதிப்பு போட்டும் கொம்பு தப்பினால், அதே வரியை நகலெடுத்து உபுண்டுவின் சாதாரண உரைத் திருத்தியில் ஒட்டுங்கள். அங்கே சரியாக வந்தால் குற்றம் ஸ்க்ரைபஸுடையது. அங்கேயும் தப்பாக வந்தால் ஃபைலிலேயே எழுத்துகள் புரண்டு கிடக்கின்றன. டெர்மினலில் ஒட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும் இடம் அது, தமிழ் அங்கே பெரும்பாலும் நெளிந்துதான் தெரியும்.

பழைய ஃபைல்கள் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு டிடிபி கடையின் சொத்தே அதுதான். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்றவற்றில் அடித்தவை யூனிகோட் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஃபாண்டுகள் அவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி ஃபாண்ட் இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் பூச்சி. அதே ஃபாண்டைப் போட்டால் பார்க்க முடியும், அச்சடிக்கவும் முடியும், ஆனால் தேட முடியாது, வாட்ஸாப்பில் நகலெடுத்து அனுப்ப முடியாது, வேறு ஃபாண்டுக்கு மாற்றினால் மறுபடி பூச்சி. தமிழ்நாடு அரசே 1999-இல் டாம், டாப் என்ற குறியேற்றங்களை ஏற்று, பிறகு 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறிவிட்டது. ஆகவே திரும்ப உயிர் கொடுக்க வேண்டிய ஃபைல்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தொடாமல் ஒரு வட்டில் வையுங்கள். மாற்றித் தரும் கருவிகள் நிறைய உண்டு. எந்தக் கருவியானாலும் முதலில் ஃபைல் எந்தக் குறியேற்றம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். பாமினி ஃபைலை டிஸ்கி என்ற வேறொரு பழைய தமிழ்க் குறியேற்றம் என்று சொல்லிக் கொடுத்தால் வருவது வேறு ரகப் பூச்சி.

மாற்றிய பிறகு கண்ணால் படித்துத் திருத்துவதைத் தவிர்க்க வழியே இல்லை. கருவிகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஒரு கொம்பு தப்பினால் அது முந்தைய எழுத்தின் மேல் போய் ஏறிவிடும். 'கௌ'-வில் வரும் சிறகுக்குப் பதில் 'ள' என்ற எழுத்தே வந்து 'கெள' ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடும்போது கிடைக்காது. காலுக்குப் பதில் 'ர' வந்திருக்கும். 'ஸ்ரீ' உடைந்து 'ஸ்' தனி, 'ரீ' தனியாக நிற்கும். யூனிகோட் பரிந்துரைப்பது 'ஶ'-வில் தொடங்கும் வரிசையை, பழைய ஃபைல்கள் பலவும் 'ஸ'-வில் தொடங்குபவை. இரண்டையும் சேர்த்துக் காட்டுவது ஃபாண்டைப் பொறுத்தது. பத்திரிகையில் இதெல்லாம் வருவது சாமி பேரிலும் வீட்டுப் பெரியவர்கள் பேரிலும். ஆச்சி பேரில் ஓர் எழுத்து உடைந்து அச்சானால் அந்த வீட்டுக்காரர் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முந்நூறு ஃபாண்டுகளை என்ன செய்வது? வீட்டு அடைவுக்குள் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபாண்ட்ஸ் என்ற அடைவில்தான் போட்டிருப்பீர்கள். மொத்தத்தையும் அங்கிருந்து எடுத்து, ஃபாண்ட்கான்ஃபிக் பார்க்காத வேறொரு அடைவுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம். பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையை எஃப், வி என்ற இரு குறிகளோடு ஓட்டி, செயலிகளை மூடித் திறங்கள். திறந்தே இருக்கும் செயலிக்குப் புதிய நிலவரம் தெரியாமல் போகலாம். இப்போது தமிழைச் சோதியுங்கள். நோட்டோ இரண்டு, லோகித் தமிழ், மீரா இனிமை என்று நல்ல விதிகளோடு வந்த ஃபாண்டுகள் போதும். தலைப்புக்குக் கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, அச்சுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்புறம் நகர்த்தி வைத்ததில் தேவையானதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். உபுண்டுவுக்குள் பல வருஷமாக ஃபாண்ட் சேர்த்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்டுகளை லிப்ரேஆபீஸ் 5.3-இலும், ஜிடிகே செயலிகளுக்கு எழுத்தை அடுக்கித் தரும் பாங்கோ நூலகம் 2019-இல் வந்த 1.44-இலும் கைவிட்டுவிட்டன. 'அப்டேட் செய்த பிறகு ஃபாண்ட் காணவில்லை' என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ரூட்டாக, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, நகலெடுத்த ஃபாண்ட் ஃபைலுக்கு மற்றவர்கள் படிக்கும் அனுமதி இல்லாமல் போவதும் அடிக்கடி நடக்கும்.

லை, ணை, றா போன்றவை திடீரென்று பழைய புத்தக வடிவில், யானைத் தும்பிக்கையோடு தெரிகிறது என்று சிலர் பயந்துபோய் அழைப்பார்கள். அது கோளாறு இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களைத் தரும் லோகித் தமிழ் கிளாசிக்கல் தேர்வாகியிருக்கிறது. பழைய பத்திரிகையை அதே முகத்தோடு மறுபதிப்புச் செய்யக் கேட்கும் வீடுகளுக்கு அது மிக அருமையான ஃபாண்ட். வேண்டாதபோது தொகுப்பை நீக்கிவிடலாம். எழுத்து மங்கலாக, மெலிதாகத் தெரிகிறது என்பது திரையின் புள்ளி அடர்த்தி (டிபிஐ), எழுத்தைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்தும் முறை (ஹிண்டிங்) சம்பந்தப்பட்டது. அச்சில் அது வராது என்பதால் அதை இப்போதைக்கு விடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இது ஒருநாள் வரும். பர்மா, மலேயா காலத்துக் கணக்குப் பேரேடுகளைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி நகரத்தார் வீடுகளிலிருந்து கேட்பார்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று அந்தக் குறிகள் யூனிகோடில் முன்பே சொன்ன 2003 தொகுதியில் இருக்கின்றன. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களும் மற்ற அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள், 2019-இல் வந்த 12.0 பதிப்பில் தமிழ் சப்ளிமெண்ட் என்ற தனித் தொகுதியாகச் சேர்ந்தன. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று, அதன் எண் 11எஃப்சி0. வழக்கமான தமிழ் ஃபாண்டில் இது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்று தனி ஃபாண்டே செய்திருக்கிறார்கள். உடனிருக்கும் வரி செரிஃப் ஃபாண்டில் இருந்தால் பின்னம் மட்டும் வேறு தடிமனில் தெரியும். அதற்கு இப்போதைக்குக் கையால் அளவைச் சரிசெய்வதுதான் வழி. விசைப்பலகையிலும் இவற்றுக்கு இடம் கிடையாது. கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி எண்ணைத் தட்டுங்கள், அல்லது எழுத்து வரைபடச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

அச்சு பிளேட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. வேலையைப் பிடிஎஃப் ஆக்கி, டெர்மினலில் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் என்று தட்டி ஃபைல் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபாண்டும் வரிசையாக வரும். 'எம்ப்' என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' இருந்தால் சிவகாசியில் திறந்தாலும் காரைக்குடியில் திறந்தாலும் எழுத்து மாறாது. ஒன்றில் 'நோ' இருந்தால் அனுப்பாதீர்கள். பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுக்காத ஃபாண்ட் பெயர் ஒன்று இருந்தால், எங்கோ ஓர் எழுத்துக்கு மாற்று ஃபாண்ட் நுழைந்திருக்கிறது. அநேகமாக அது ௵ இருக்கும் வரி.

உங்கள் திரையைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் போக முடியாது. லிப்ரேஆபீஸ் பற்றி மேலே சொன்னதில் முந்நூறு ஃபாண்ட் ஊகம்தான் என்று மறுபடி நினைவுபடுத்துகிறேன். ஃபாண்டுகளை நகர்த்திய பிறகும் கட்டம் போகவில்லை என்றால் நான்கு விஷயம் எழுதுங்கள்: சார்செட் பிஎஃப்5 கேட்டபோது எஃப்சி-லிஸ்ட் கொடுத்த பட்டியல், லிப்ரேஆபீஸின் பதிப்பு, அதை எந்த வழியில் நிறுவினீர்கள் என்பது, ஸ்க்ரைபஸின் பதிப்பு. பழைய ஃபைல்களில் ஒன்றின் முதல் வரியையும் பூச்சியாகவே இங்கே ஒட்டுங்கள். எந்தக் குறியேற்றம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.